மூத்தவாப்பாவின் சொற்களும் ஒரு மென்பொருள் தெரிவும்

கச்சான் என்றால் என்ன என்று எங்கள் வகுப்பில் கேட்டால், கடதாசிச் சுருளில் வரும் வறுத்த கச்சானைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் மூத்தவாப்பாவுக்குக் கச்சான் என்பது மேற்கிலிருந்து வீசும் காற்று. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம். எந்தக் காற்றில் வலை வைக்கலாம், எந்தக் காற்றில் தோணியை மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாற்பது வருடங்களுக்கு மேல் எங்கள் ஊர்க் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். சம்மாட்டி, மடி, வாடி, அம்பா என்று அவர் வாயில் வந்த சொற்களில் பாதி எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளங்காது.

மாமா கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு, வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி எடுத்து மூத்தவாப்பாவிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதினார். 2009 முதல் 2012 வரை எழுதியவற்றை ஓர் இலவச இணையத்தள சேவையில் ஏற்றி வைத்தார். மொத்தம் 214 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பிறகு மாமாவுக்கு வேலை மாறியது, மின்னஞ்சல் மாறியது, தளத்தை மறந்துவிட்டார். இடையில் அந்தச் சேவையை நடத்திய நிறுவனம் அதை மூடப்போவதாக அறிவித்து, எழுதியதை இன்ன திகதிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பழைய மின்னஞ்சலுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அதைத் திறந்து பார்க்க ஆளில்லை. 2017இல் மூத்தவாப்பா வபாத்தானபோது, வந்திருந்த உறவினர்களுக்குக் காட்டலாம் என்று மாமா முகவரியை அடித்தார். வெள்ளைத் திரைதான் வந்தது.

இன்டர்நெட் ஆர்கைவ் என்ற காப்பகம் பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கிறது. அங்கே தேடியபோது மாமாவின் தளத்தின் முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. 214 சொற்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எந்தப் பெயரை அழுத்தினாலும் உள்ளே ஒன்றுமில்லை. வினாத்தாள் இருக்கிறது, விடைத்தாள் இல்லை என்பது போல.

போன வருடம் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்த கையோடு, இந்தச் சொற்களைத் திரும்பவும் சேர்த்து இணையத்தில் வைப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். எந்த மென்பொருளில் வைப்பது என்று தெரிவு செய்யவே எனக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. சொந்தமாக ஒரு தளமோ வலைப்பூவோ தொடங்க எண்ணியிருக்கும் தோழியருக்கும், அதற்கு அனுமதி தரப்போகும் பெற்றோருக்கும் பயன்படலாம் என்றுதான் அந்த மூன்று மாதக் கதையை எழுதுகிறேன்.

முதலில் நான் எந்த மென்பொருளையும் தேடவில்லை. வகுப்பில் படித்த எச்ரீஎம்எல்லை வைத்து நோட்பேடிலேயே பன்னிரண்டு பக்கங்களை எழுதினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன. பதின்மூன்றாவது பக்கத்தைச் சேர்த்தபோது, அதன் பெயர் எல்லாப் பக்கங்களின் பட்டியலிலும் வர வேண்டும் என்பதால் பழைய பன்னிரண்டையும் திறந்து திருத்த வேண்டியதாயிற்று. 214 பக்கங்களுக்கு இதைச் செய்தால் பரீட்சை முடிந்துவிடும், தளம் முடியாது.

இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்ற வகை மென்பொருள் பிறந்தது. பெயர் பாடநூல் வாசனை அடித்தாலும் விடயம் எளிது. உங்கள் கையிலிருக்கும் இந்தச் சஞ்சிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையை நான் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தேன். தலைப்பு எந்த அளவில் வர வேண்டும், பக்க எண் எங்கே வர வேண்டும் என்பது என் வேலையில்லை, அச்சகத்தின் வேலை. அது போலவே இந்த மென்பொருளும் எழுத்தைத் தனியே ஒரு தரவுத்தளத்திலும் தோற்றத்தைத் தனியே ஒரு வார்ப்புருவிலும் வைத்திருக்கும். யாராவது பக்கத்தைக் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். பட்டியலைத் தானே புதுப்பிக்கும். எழுதுகிறவர் எழுதினால் போதும்.

இனி எந்த மென்பொருள் என்பதுதான் கேள்வி. இணையத்தில் இதற்கு எத்தனையோ பட்டியல்கள் இருக்கின்றன. எது அழகு, எது வேகம், எத்தனை வார்ப்புருக்கள் என்று ஒப்பிடுவார்கள். வெள்ளைத் திரையைப் பார்த்த குடும்பத்துப் பிள்ளைக்கு அவையெல்லாம் இரண்டாம் பட்சம். என் கேள்வி ஒன்றுதான்: நான் வெளியேற நினைத்தால், அல்லது அவர்கள் கடையை மூடினால், எழுதியதை முழுதாக என் கையில் திருப்பித் தருமா?

இந்தப் பயம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதில்லை என்பது வாசிக்க வாசிக்கத் தெரிந்தது. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டிஸ் தளத்தில் இலட்சக்கணக்கானோர் தங்கள் முதல் இணையப் பக்கத்தை வைத்திருந்தார்கள். அதை 1999இல் வாங்கிய யாகூ நிறுவனம் 2009இல் மூடியது. தன்னார்வலர்கள் ஓடியோடிப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. மூவபிள் டைப் என்ற மென்பொருள் 2001இல் வந்து வலைப்பூ எழுதுவோரிடையே பெயர் பெற்றது. 2004இல் அதன் உரிம விதிகளும் கட்டணமும் மாறியபோது பலர் வேறு மென்பொருளுக்குப் போனார்கள். எழுதியவற்றை ஒரு சாதாரண உரைக்கோப்பாக வெளியே எடுக்கும் வசதியை அந்த மென்பொருளே வைத்திருந்ததால் அவர்களால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது.

அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் வேர்ட்பிரஸ். அது பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. பீ2 என்று ஒரு வலைப்பூ மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் ஒரு கட்டத்தில் வேலையைத் தொடரவில்லை. ஆனால் அதன் மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்தலாம் என்ற ஜீபீஎல் உரிமத்தில் இருந்தது. அதைப் பாவித்துக்கொண்டிருந்த மட் முலன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் அந்த நிரலை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே 27இல் வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. ஆக்கியவர் விட்டுப்போனாலும் மென்பொருள் அநாதையாகாமல் இருப்பதற்கு உரிமத்தின் ஒரு வரி எவ்வளவு உதவியிருக்கிறது! உரிமங்கள் பற்றிய பகுதி பாடத்தில் வரும்போது தூங்கி வழிந்தவள் நான். இப்போது அப்படியில்லை.

சரி, நான் பார்த்த மென்பொருள்களுக்கு வருகிறேன். ட்ருபல், ஜூம்லா இரண்டையும் சீக்கிரமே ஒதுக்கினேன். பெரிய நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பொருத்தமானவை. என் தேவைக்கு அவை மூன்று பேர் குடியிருக்கப் பாராளுமன்றக் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பது மாதிரி. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி சொற்பட்டியலுக்கு நல்ல பொருத்தம். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் சேர்த்து வரும் நூலகம் மின்னூலகமும் அதில்தான் அமைந்திருக்கிறது. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்கத் தனிச் சேவையகமும் கொஞ்சம் அனுபவமும் வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை.

ஹியூகோ என்ற மென்பொருள்தான் என் மனதை உண்மையாகக் கவர்ந்தது. தரவுத்தளமே கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சாதாரண உரைக்கோப்பு. எல்லாம் ஒரு கோப்புறைக்குள். மென்பொருள் அவற்றை வாசித்து முழுத் தளத்தையும் ஒரேயடியாகக் கட்டித் தரும். நாளைக்கு ஹியூகோ இல்லாமல் போனாலும் கோப்புகள் என் பென் ட்ரைவில் இருக்கும், நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். திருப்பித் தருமா என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனென்றால் கொடுக்கவே இல்லையே. இதுதான் என்று முடிவு செய்து உம்மாவிடம் காட்டினேன். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத் தளம் கட்டுவதை உம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, இத நான் எப்பிடி எழுதுற? வட்ஸ்அப் மாதிரி இரிந்தா எழுதுவன். இல்லாட்டி நான் செல்லச் செல்ல நீதான் எழுதோணும்."

அந்த இடத்தில் என் கணக்குப் பிழைத்தது. மூத்தவாப்பாவின் சொற்கள் இப்போது இருப்பது உம்மாவின் நினைவிலும் மாமாவின் நினைவிலும். அவர்கள் கையில் இருப்பது தொலைபேசி. எழுதப்போகிறவருக்கு எழுத வராத மென்பொருளில் எவ்வளவு பாதுகாப்பு இருந்தாலும் தளம் வெறுமையாகத்தான் இருக்கும். நான் பல்கலைக்கழகம் போய்விட்டால் யார் கட்டளை அடிப்பது?

ஆகவே மிஞ்சியவை புளொக்கரும் வேர்ட்பிரஸும். புளொக்கர் 1999இல் தொடங்கி 2003இல் கூகுளுக்குப் போனது. பணம் கேட்காது, கூகுள் கணக்கு இருந்தால் பத்து நிமிடத்தில் எழுதத் தொடங்கலாம். கவிதை எழுதும் என் தோழி அதைத்தான் பாவிக்கிறாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதியதை ஒரு கோப்பாக இறக்கவும் விடுகிறது. ஆனால் அந்த மென்பொருள் கூகுளின் வீட்டுக்குள் மட்டும்தான் ஓடும். கூகுள் ஒருநாள் போதும் என்று சொன்னால் அதே மென்பொருளை இன்னோர் இடத்தில் நிறுவ வழியில்லை. இரண்டு வருடங்கள் தொடாமல் விட்ட கணக்கை நீக்கலாம் என்ற விதியும் கூகுளிடம் இருக்கிறது. எங்கள் மாமாவைப் போன்றவர்களுக்கு அது ஆபத்தான விதி.

வேர்ட்பிரஸில் பலர் குழம்பும் ஓர் இடம் உண்டு. ஒரே பெயரில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று மென்பொருள். இலவசமாக இறக்கி எந்தச் சேவையகத்திலும் நீங்களே நிறுவலாம். மற்றது, அதே மென்பொருளைத் தம் சேவையகத்தில் ஓட்டி இடம் தரும் ஒரு நிறுவனத்தின் சேவை. அதற்கு இலவசத் திட்டமும் உண்டு, விளம்பரங்கள் வரும். நானே நிறுவுவதுதான் முழுச் சுதந்திரம் என்று வாப்பாவிடம் விளக்கினேன். ஆள்களப் பெயருக்கும் சேவையக இடத்துக்கும் வருடாவருடம் பணம் கட்ட வேண்டும், அதுவும் வங்கி அட்டையில் என்றேன். வாப்பா கேட்டது ஒன்றே ஒன்று:

"ஒரு வருசம் கட்ட மறந்தா?"

தளம் போய்விடும். அதோடு நானே நிறுவினால் புதுப்பிப்புகளையும் நானே போட வேண்டும். பழைய பதிப்பை அப்படியே விட்ட தளங்களுக்குள் திருடர்கள் நுழைவது சாதாரணம். பரீட்சைக் காலத்தில் யார் பார்ப்பது? எனவே இலவச வேர்ட்பிரஸ் சேவையிலேயே தொடங்குவது, தேவைப்படும் நாளில் அதே மென்பொருளுக்கு வேறிடத்தில் குடிபோவது என்று முடிவானது. உம்மாவின் தொலைபேசியில் அதன் செயலியும் வேலை செய்தது. முதல் சொல்லை உம்மாவே எழுதினார்: மடி. கரைவலையின் கடைசியில் மீன் வந்து சேரும் பை.

குடிபோக முடியும் என்று சொன்னால் போதுமா? போய்ப் பார்க்க வேண்டாமா? பத்துச் சொற்கள் சேர்ந்ததும் எங்கள் கணினிக்கூடத்தில் ஆசிரியையின் அனுமதியோடு ஒரு கணினியில் எக்ஸாம்ப் என்ற பொதியை நிறுவினேன். சேவையகம், பீஎச்பீ, தரவுத்தளம் மூன்றும் அதில் ஒன்றாக வரும், இணையம் இல்லாமலே சோதிக்கலாம். அதன்மேல் வேர்ட்பிரஸை நிறுவி, வீட்டிலிருந்து இறக்கிக் கொண்டுபோன ஏற்றுமதிக் கோப்பை உள்ளே விட்டேன். பத்துச் சொற்களும் திகதியோடு, வகைப்பாட்டோடு வந்து நின்றன. கூடத்தில் நான் போட்ட சத்தத்துக்கு ஆசிரியை முறைத்தார்.

ஆனால் படங்கள் ஒன்றுகூட வரவில்லை. காரணம் தேடியபோதுதான் முக்கியமான பாடம் கிடைத்தது. ஏற்றுமதிக் கோப்பில் இருப்பது எழுத்து மட்டும். படங்களுக்குப் பதிலாக அவை இருக்கும் முகவரிகள்தான் எழுதப்பட்டிருக்கும். புதிய தளம் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை எடுத்துவர வேண்டும். அன்று கூடத்தில் இணையம் இல்லை. ஒரு வேளை பழைய தளமே மூடப்பட்டிருந்தால்? போய் எடுக்க அங்கே என்ன இருக்கும்? அன்றிலிருந்து படங்களைத் தனியே இன்னொரு கோப்புறையில் வைக்கிறேன்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னும் இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. ஆங்கிலப் பட்டியல்கள் எதிலும் இவற்றைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்று, பக்கத்தின் முகவரி. தலைப்பைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். மேலோடியில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக விரிகிறது. கச்சான் என்ற சொல்லில் மெய்ப்புள்ளி, துணைக்கால் எல்லாம் சேர்த்து ஏழு குறிகள், ஆக முகவரியில் 63 எழுத்துகள். தரவுத்தளத்தில் இதற்கு ஒதுக்கிய இடம் 200 மட்டுமே, எனவே நீண்ட தமிழ்த் தலைப்பின் முகவரி பாதியில் அறுந்துவிடும். புளொக்கரோ தமிழை முகவரியில் ஏற்பதே இல்லை. எல்லாத் தலைப்புக்கும் புளொக்-போஸ்ட் என்று பொதுப் பெயரை வைத்துப் பின்னால் ஓர் இலக்கத்தைப் போடும். இரண்டிலும் வெளியிடுவதற்கு முன்பே முகவரியைச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் நாமே எழுதிவிடலாம். பிறகு மாற்றினால் பழைய இணைப்புகள் கெட்டுப்போகலாம்.

மற்றது எழுத்துரு. மாமாவின் பழைய பென் ட்ரைவில் 63 சொற்களின் வரைவு வேர்ட் கோப்புகளாகக் கிடைத்தபோது வீடே கொண்டாடியது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கூட்டு. மாமா பாமினியில் அடித்திருந்தார். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. அதில் உம்மா என்று அடித்தால் கணினி சேமிப்பது சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும்தான் தெரியும். யுனிகோட்டில் தமிழுக்கென்று தனி இலக்கங்கள் இருப்பதால் இந்தக் கூத்து இல்லை. மாற்றி மென்பொருளில் போட்டு 63ஐயும் மீட்டேன். மாமா இடையிடையே ஆங்கிலத்தில் எழுதியிருந்த மீன்களின் விஞ்ஞானப் பெயர்களும் சேர்ந்து தமிழ் எழுத்தாகி உளறின. அவற்றைக் கையால் திருத்தினேன். வேர்டிலிருந்து ஒட்டும்போது வெறும் உரையாக ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய எழுத்துருவின் பெயரும் அளவும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்து தளத்தின் தோற்றத்தைக் குழப்பும்.

பெற்றோர் கேட்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாப்பா வைத்த நிபந்தனைகள் இரண்டு. என் படமும் தொலைபேசி இலக்கமும் தளத்தில் இருக்கக் கூடாது, முன்பின் தெரியாதவர்கள் எழுதும் கருத்து பார்க்காமல் வெளிவரக் கூடாது. இரண்டாவதற்கு அமைப்புகளில் ஓர் அடையாளம் போட்டால் போதும், நாங்கள் அனுமதித்த பிறகே கருத்து தெரியும். நானாக ஒரு மூன்றாவதைச் சேர்த்தேன். தளத்துக்கு நிர்வாகிகள் இருவர்: நானும் சாச்சியின் மகளும். வெவ்வேறு மின்னஞ்சல்கள். ஒருவர் தொலைந்தாலும் கடிதம் மற்றவருக்கு வரும். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை நான் ஏற்றுமதிக் கோப்பை இறக்கி இரண்டு பென் ட்ரைவ்களில் போடுகிறேன். ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியில், மற்றது சாச்சி வீட்டில். ஹியூகோவின் மேல் இருந்த ஆசை முழுதாகப் போகாததால், ஒவ்வொரு சொல்லையும் சாதாரண உரைக்கோப்பாகவும் வைத்திருக்கிறேன். தோழிகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இதுவரை 118 சொற்கள் ஏறியிருக்கின்றன. 63 மாமாவின் வரைவிலிருந்து, மிச்சம் உம்மாவும் மாமாவும் நினைவுபடுத்தியவை, வாடியில் இருக்கும் பழைய ஆட்களிடம் வாப்பா கேட்டு வந்தவை. இன்னும 96 சொற்களுக்குப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பெயர்களை ஒரு தாளில் அச்சிட்டு எங்கள் பாடசாலை நூலக வாசலில் ஒட்டியிருக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களில் கடலோடு பழகியவர்கள் இருந்தால் ஒரு நிமிடம் நின்று பார்க்கவும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இடம் விட்டிருக்கிறேன். பென்சில் நூலில் கட்டித் தொங்குகிறது.